சிவப்பு யாருடையது? கோனியோவும் ஓர் இன்டரப்ட் அத்தியாயமும்

சி-யில் எழுத்தைச் சிவப்பாக்குவது எப்படி என்பது முதல் செமஸ்டர் கேள்வி. கெர்னலில் இன்டரப்டைக் கையாள்வது எப்படி என்பது வேலைக்குப் போய்க் கொஞ்ச காலம் கழித்து, அதுவும் சிலருக்கு மட்டும், வருகிற கேள்வி. இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம் இருப்பதாகத்தான் தோன்றும். என் வாதம் வேற. இரண்டின் அடியிலும் ஒரே விஷயம் கிடக்கிறது: இந்த மெஷினில் இது யாருடைய இடம், நான் என்ன உரிமையில் இங்கே கை வைக்கிறேன்? நாம் சி கற்ற விதம் அந்தக் கேள்வியையே கண்ணில் படாமல் வைத்துவிட்டது. அதன் விலையைப் பின்னால் கொடுக்கிறோம்.

இதைப் பேச இரண்டு பிரதிகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, டர்போ சி-யின் கோனியோ ஹெடர். இன்னொன்று, 'லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்' மூன்றாம் பதிப்பின் பத்தாம் அத்தியாயம். ஹெடர் ஃபைலை எல்லாம் விமர்சனம் செய்வார்களா என்று கேட்கலாம். செய்யலாம், செய்யவும் வேண்டும். ஒரு ஃபங்ஷனுக்கு வைக்கிற பெயரே ஒரு பாடம்தான். பாடப்புத்தகத்தை மறந்தவர்களுக்கும் அந்தப் பெயர் மறப்பதில்லை.

1. டெக்ஸ்ட்கலர் ஏன் பலிக்கவில்லை

போர்லேண்டின் டர்போ சி 1987-இல் வந்தது. அதன் வாரிசான டர்போ சி++ 3.0, தமிழ்நாட்டுக் கல்லூரி லேப்களில் தன் ஆயுளைத் தாண்டியும் வாழ்ந்தது. விண்டோஸ் 64 பிட்டுக்கு மாறிய பிறகு டாஸ்பாக்ஸுக்குள் வைத்து ஓட்டினார்கள். அந்த நீலத் திரையில் சி படித்தவர்களுக்கு மெயின் ஃபங்ஷனின் முதல் வரி கிளியர் ஸ்கிரீன், கடைசி வரி கெட்ச். இரண்டுமே சி மொழியின் பகுதி இல்லை, கோனியோவின் பகுதி.

அங்கே நிறத்துக்கு டெக்ஸ்ட்கலர் என்று ஒரு ஃபங்ஷன். சிவப்பு கொடுத்துவிட்டு அடுத்த வரியில் பிரின்ட்எஃப் போட்டுப் பாருங்க. எழுத்து சிவப்பாகாது. பழைய நிறத்திலேயே வரும். 'பிரின்ட்எஃப் வேண்டாம், சிபிரின்ட்எஃப் போடு' என்று பக்கத்து சீட்டிலிருந்து ஒரு பதில் வரும். போட்டால் சிவப்பு வந்துவிடும். ரெக்கார்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, முடிந்தது கதை.

ஏன் என்று கேட்டிருந்தால் அங்கேயே ஒரு முழு வகுப்பு நடத்தியிருக்கலாம். பிரின்ட்எஃப் தன் எழுத்துகளை டாஸிடம் ஒப்படைக்கிறது. டாஸ் அதைக் கன்சோல் டிரைவருக்குத் தருகிறது. டெக்ஸ்ட்கலர் சொன்ன நிறம் அந்தப் பாதையில் யாருக்கும் தெரியாது. சிபிரின்ட்எஃப் இவர்களை எல்லாம் தாண்டி நேராகத் திரையின் மெமரிக்குள் எழுதுகிறது. டைரக்ட்வீடியோ என்று ஒரு குளோபல் மாறி உண்டு. அதன் இயல்பு மதிப்பு 1 என்பதால்தான் இந்த நேர்வழி. கலர் டெக்ஸ்ட் மோடில் அந்த மெமரி பி800 செக்மென்டில் தொடங்குகிறது. 80 பத்தி, 25 வரி, ஒவ்வொரு கட்டத்துக்கும் 2 பைட், மொத்தம் 4,000 பைட். முதல் பைட் எழுத்து. இரண்டாவது பைட் நிறம்: கீழ் 4 பிட் எழுத்தின் நிறம், அடுத்த 3 பிட் பின்னணி, மேல் பிட் மினுக்கல்.

இதற்கு ஆதாரம் பார்க்கவும் எளிய வழி இருந்தது. புரோகிராமின் அவுட்புட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டால், பிரின்ட்எஃப் எழுதியது ஃபைலில் இருக்கும். சிபிரின்ட்எஃப் எழுதியது அப்போதும் திரையிலேயே இருக்கும். டாஸ் வழியாகப் போனதைத்தானே டாஸ் திருப்ப முடியும்?

கோனியோ ஹார்ட்வேரை நேராகத் தொடுகிறது என்று பலர் குறை சொல்வார்கள். அது குறையே இல்லை. 4,000 பைட்டை நம் கையால் மாற்றித் திரை மாறுவதைப் பார்க்கிற அனுபவம் இன்றைய லேப்டாப்பில் சுலபமாகக் கிடைக்காது. குறை பெயரில் இருக்கிறது. 'எழுத்தின் நிறம்' என்ற பெயர் நிறம் எழுத்தின் குணம் என்கிறது. உண்மையில் அது ஒரு பாதையின் குணம். பாதை மாறினால் நிறம் போய்விடும். பாதைகள் இரண்டு இருக்கின்றன என்பதையே அந்தப் பெயர் சொல்லாமல் விடுகிறது.

2. செட்வெக்ட்: வீடு முழுக்க என்னுடையது

அதே கம்பைலரில் செட்வெக்ட், கெட்வெக்ட் என்று இரண்டு ஃபங்ஷன்கள் இருந்தன, 'இன்டரப்ட்' என்று ஒரு கீவேர்டும் இருந்தது. மெமரியின் அடியில், பூஜ்யம் முகவரியில், 256 வெக்டர்கள். ஒவ்வொன்றும் 4 பைட், மொத்தம் 1,024 பைட். ஒன்பதாவது வெக்டரில் உங்கள் ஃபங்ஷனின் முகவரியை வைத்துவிட்டால், அந்த நொடியிலிருந்து ஒவ்வொரு கீ அழுத்தத்துக்கும் பிராசஸர் உங்களிடம் ஓடி வரும். அனுமதி கேட்க யாரும் இல்லை.

ஆனால் அந்த வீட்டிலும் சட்டம் இருந்தது. கீயின் கோடைப் படித்த பிறகு இன்டரப்ட் கன்ட்ரோலருக்கு 'முடிந்தது' என்று ஒரு பைட் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அடுத்த கீ வராது. ஹேண்ட்லருக்குள்ளிருந்து டாஸைக் கூப்பிடக் கூடாது, ஏனென்றால் டாஸ் ஒரு வேலையின் நடுவில் இருக்கும்போது இன்னொரு முறை உள்ளே நுழையத் தாங்காது. அதாவது, ஹேண்ட்லரில் பிரின்ட்எஃப் போட்டால் மெஷின் தொங்கிப்போக வாய்ப்பு உண்டு. புரோகிராம் முடியும்போது பழைய வெக்டரைத் திரும்ப வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அடுத்த கீ அழுத்தம், நீங்கள் காலி செய்துவிட்டுப் போன மெமரிக்குள் போய் விழும்.

இந்த மூன்று விதியும் பின்னால் திரும்ப வரப்போகின்றன, வேறு உடையில். செய்தி கிடைத்ததை ஒப்புக்கொள். வாசலில் நின்று நீண்ட வேலை பார்க்காதே. போகும்போது இருந்தபடி வைத்துவிட்டுப் போ.

3. முப்பத்தொன்று: கட்டளை இல்லை, வேண்டுகோள்

லினக்ஸில் சிவப்புக்கு என்ன செய்கிறோம்? எஸ்கேப் எழுத்து, ஒரு சதுர அடைப்பு, 31, பிறகு எம் என்ற எழுத்து. இவற்றைச் சாதாரண எழுத்துகளைப் போலவே பிரின்ட்எஃப் வழியாக அனுப்புகிறோம். இந்த வகைக் குறிகளை இசிஎம்ஏ-48 தரநிலை 1976-இலேயே எழுதி வைத்தது. 1978-இல் வந்த டெக் நிறுவனத்தின் விடி100 டெர்மினல் இந்த மொழியைப் பரப்பியது. வேடிக்கை என்னன்னா, விடி100-க்கு நிறமே கிடையாது.

இங்கே நடப்பது அடிப்படையிலேயே வேற. நாம் எந்த மெமரியையும் தொடவில்லை. ஒரு சீட்டில் 'இனிமேல் சிவப்பு' என்று எழுதி அனுப்புகிறோம், அவ்வளவுதான். அதைப் படித்துச் செய்வதும் செய்யாததும் மறுமுனையில் இருப்பவர் விருப்பம். மறுமுனையில் டெர்மினலுக்குப் பதிலாக ஒரு லாக் ஃபைல் இருந்தால், சீட்டு அப்படியே குப்பையாக ஃபைலில் விழும். அதனால்தான் ஒழுங்கான புரோகிராம்கள் முதலில் ஐஸ்ஏடிடிஒய் என்ற ஃபங்ஷனால் மறுமுனையில் டெர்மினல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு நிறம் அனுப்புகின்றன.

இதில் ஓர் அழகான எலும்பு மிச்சம் இருக்கிறது. கோனியோவில் சிவப்பு 4, நீலம் 1. எஸ்கேப் குறியில் 30-ஐக் கழித்துப் பார்த்தால் சிவப்பு 1, நீலம் 4. ஒன்று நீலத்தைக் கடைசி பிட்டில் வைக்கிறது, மற்றது சிவப்பை வைக்கிறது. இரண்டு வழக்கும் சந்திக்கிற இடம் லினக்ஸ் கெர்னலில் விடி டிரைவர். அங்கே பதினாறு எண்கள் கொண்ட ஒரு சின்ன அட்டவணை, 0, 4, 2, 6, 1, 5, 3, 7 என்று தொடங்கும். வேலை ஒன்றுதான்: வெளியிலிருந்து வந்த 1-ஐ 4 ஆக்குவது, 4-ஐ 1 ஆக்குவது. அதன் பிறகு விஜிஏ டெக்ஸ்ட் கன்சோலாக இருந்தால், கெர்னல் அந்த நிற பைட்டைக் கொண்டுபோய் எழுதுவது அதே பழைய திரை மெமரியில்தான். சொல்லப்போனா, சிபிரின்ட்எஃப் செய்த வேலை அழியவில்லை. கைமாறியிருக்கிறது. அந்த 4,000 பைட்டுக்கு இப்போது உரிமையாளர் ஒருத்தர் இருக்கிறார், நாம் அவரிடம் சீட்டு கொடுக்கிறோம்.

4. ப்ராம்ப்ட் ஏன் சிவப்பாகவே நின்றது

நிறமும் இன்டரப்டும் ஒரே பாடம் என்று சொன்னேன் இல்லையா, அது கண்ணுக்குத் தெரிகிற இடம் இது. சிவப்பில் நிறைய வரிகள் அடிக்கிற ஒரு புரோகிராமை நடுவில் கன்ட்ரோல்-சி கொடுத்து நிறுத்துங்க. ப்ராம்ப்டுக்குத் தனி நிறம் வைக்காதவர்களுக்கு ப்ராம்ப்டும் சிவப்பாகவே நிற்கும். நிறம் எழுத்தில் இல்லை, டெர்மினலின் நினைவில் இருக்கிறது. 'பழையபடி ஆக்கு' என்ற சீட்டு போவதற்குள் புரோகிராம் செத்துவிட்டது.

என்ன நடந்தது என்று பின்தொடர்ந்தால், கீபோர்டிலிருந்து கிளம்பியது ஒரு ஹார்ட்வேர் இன்டரப்ட். யூஎஸ்பி கீபோர்டாக இருந்தால் இன்டரப்ட் எழுப்புவது யூஎஸ்பி கன்ட்ரோலர். அது கெர்னலின் இன்புட் அடுக்கு வழியாக ஏறி, டெர்மினல் ஜன்னலை அடைந்து, அங்கிருந்து மதிப்பு 3 உள்ள ஒற்றை பைட்டாகத் திரும்பவும் கெர்னலின் டிடிஒய் அடுக்குக்குள் வருகிறது. அந்த அடுக்கு 3-ஐ எழுத்தாக எடுத்துக்கொள்ளாமல், முன்னணியில் இருக்கும் பிராசஸ் குழுவுக்கு ஒரு சிக்னலாக மாற்றுகிறது. சிக்னலுக்கு நாம் ஏற்பாடு எதுவும் செய்யாததால் இயல்புப்படி மரணம். ஏட்எக்ஸிட் ஃபங்ஷன்கள் ஓடாது, பஃபரில் மிச்சம் இருந்தது வெளியே போகாது.

சரி, சிக்னலுக்கு ஒரு ஹேண்ட்லர் வைத்து அதற்குள் பிரின்ட்எஃபால் நிறத்தைத் திரும்ப மாற்றலாம் என்று தோன்றும். இணையத்தில் கிடைக்கிற பாதி உதாரணங்கள் இதைத்தான் செய்கின்றன. இது தப்பு. சிக்னல் வந்த நொடியில் மெயின் புரோகிராம் பிரின்ட்எஃபுக்கு உள்ளேயோ மால்லாக்குக்கு உள்ளேயோ இருந்திருக்கலாம். பஃபர் பாதி மாறிய நிலையில் இருக்கும். ஹேண்ட்லர் அதே இடத்தில் நுழைந்தால் ஒன்று தரவு கெடும், இல்லாவிட்டால் தானே பிடித்திருக்கிற பூட்டுக்காகத் தானே காத்து நிற்கும். டாஸ் மறுநுழைவைத் தாங்காது என்ற பழைய விதி அப்படியே திரும்ப வந்திருக்கிறது, பாருங்க.

சரியான வழி இரண்டு. ஒன்று, ஹேண்ட்லருக்குள் அனுமதிக்கப்பட்ட ரைட் அழைப்பை மட்டும் பயன்படுத்துவது. அதைவிட நல்லது, ஒரு கொடியை மட்டும் ஏற்றிவிட்டுத் திரும்புவது. மெயின் லூப் அந்தக் கொடியைப் பார்த்து, நிதானமாக நிறத்தை மாற்றி, ஃபைலை மூடி, வெளியேறும். வாசலில் செய்வது ஒரு துளி, மிச்சம் எல்லாம் உள்ளே. கெர்னல் உலகத்தில் மேல்பாதி, கீழ்பாதி என்று பெரிய பெயர் வைத்துச் சொல்வது இதைத்தான். நிறத்தை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருந்தால், முதல் செமஸ்டரிலேயே பாதிக் கிணறு தாண்டியிருப்போம்.

5. பத்தாம் அத்தியாயம்: எங்கே பலம், எங்கே வயசு

ஜொனாதன் கார்பெட், அலெஸாண்ட்ரோ ரூபினி, கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் மூவரும் எழுதிய மூன்றாம் பதிப்பு 2005-இல் வந்தது. 2.6.10 கெர்னலை ஒட்டியது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இருபது வருஷம் ஆச்சு. இன்னும் டிரைவர் எழுத வருபவர்களுக்கு முதலில் கையில் திணிக்கப்படுகிற புத்தகம் இதுதான். திணிப்பது சரியா?

முதலில் பலம். இங்கே ஃபங்ஷனின் பெயரே ரிக்வெஸ்ட் ஐஆர்க்யூ. செட்வெக்டில் இருந்த 'வை' போய், 'கேள்' வந்திருக்கிறது. கேட்டால் மறுக்கவும் படலாம், அதற்கு எர்ரர் கோட் உண்டு. அத்தியாயம் இந்த மனநிலையை நன்றாகப் பிடித்திருக்கிறது. மாட்யூலை ஏற்றும்போதே இன்டரப்ட் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளாதே, டிவைஸை முதல் ஆள் திறக்கும்போது கேள், கடைசி ஆள் மூடும்போது விடு என்று சொல்கிறது. இன்டரப்ட் லைன்கள் குறைவு, நீ சும்மா பிடித்து வைத்திருந்தால் இன்னொருத்தருக்குக் கிடைக்காது என்பதுதான் காரணம். டெக்னிக்கல் அறிவுரை மாதிரித் தெரிந்தாலும் இது அடிப்படையில் பொதுக்குழாய் நாகரிகம்.

பகிர்ந்துகொள்ளும் இன்டரப்டிலும் அப்படியே. ஒரே லைனில் நாலு டிரைவர் இருந்தால், மணி அடிக்கும்போது ஒவ்வொருவரும் தன் டிவைஸைப் பார்த்து 'என்னுடையது' அல்லது 'என்னுடையது இல்லை' என்று உண்மையாகச் சொல்ல வேண்டும். கெர்னல் இதைக் கணக்கு வைக்கிறது. 1,00,000 இன்டரப்டில் 99,900-க்கு மேல் யாரும் பொறுப்பேற்காவிட்டால், 'நோபடி கேர்டு' என்று லாகில் புலம்பிவிட்டு அந்த லைனையே அணைத்துவிடும். கெர்னல் செய்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பொய்யாக 'என்னுடையது' என்று சொல்கிற டிரைவர் அதைவிட மோசம், ஏனென்றால் இந்தக் கணக்கையே அது ஏமாற்றிவிடுகிறது.

உதாரண டிரைவரும் நல்ல தேர்வு. பேரலல் போர்ட்டின் 9-ஆம் பின்னையும் 10-ஆம் பின்னையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால், நாம் எழுதுகிற பைட்டே நமக்கு இன்டரப்ட் எழுப்பும். ஹேண்ட்லர் நேரத்தைப் படித்து 16 பைட் எழுத்தாக ஒரு வட்ட பஃபரில் போட்டுவிட்டு, படிக்கக் காத்திருக்கும் பிராசஸை எழுப்பிவிட்டுத் திரும்புகிறது. பக்கத்தின் அளவு 16-ஆல் மீதியின்றி வகுபடும் என்பதால் எந்தப் பதிவும் விளிம்பில் இரண்டாக உடையாது. பூட்டே இல்லாத வடிவமைப்பு.

இப்போது வயசு. அந்த வட்ட பஃபரின் சுட்டியை நகர்த்துகிற இரண்டு வரிக்கு நடுவில் பேரியர் என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். அது கம்பைலரை மட்டும்தான் கட்டுப்படுத்தும், பிராசஸரைக் கட்டுப்படுத்தாது. பேரலல் போர்ட் உள்ள பழைய எக்ஸ்86 பெட்டியில் இது ஓடும், ஏனென்றால் எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்கும் காட்டுகிற பழக்கம் அந்தப் பிராசஸருக்கு உண்டு. இன்று படிப்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் ஏஆர்எம் போர்டு. அங்கே ஒரு கோர் எழுதிய தரவுக்கு முன்னால், நகர்ந்த சுட்டி இன்னொரு கோருக்குத் தெரிந்துவிடலாம். படிப்பவர் வெற்றுப் பக்கத்தைத் தரவு என்று எடுத்துக்கொள்வார். எப்போதாவது ஒருமுறை மட்டும் வருகிற, டெஸ்டிங்கில் சிக்காத வகைப் பிழை. பாடப்புத்தக உதாரணம் என்பதால் அப்படியே நகலெடுக்கப்படுகிற ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது.

ஹேண்ட்லருக்கு வருகிற மூன்றாவது ஆர்க்யுமென்ட் 2.6.19-இல் போய்விட்டது. அது சின்ன விஷயம், கம்பைலரே சொல்லிவிடும். டாஸ்க்லெட்டை முதல் வழியாகக் காட்டுவது அதைவிடப் பெரிய பிரச்சினை. கெர்னல் ஹெடரே இப்போது அதைத் தவிர்த்து த்ரெட்டுக்கு மாறச் சொல்கிறது. 2009-இல் 2.6.30 கெர்னலில் வந்த ரிக்வெஸ்ட் த்ரெட்டட் ஐஆர்க்யூ ஹேண்ட்லரை இரண்டாகப் பிரிக்கிறது. வாசலில் ஒரு துளி, மிச்சம் தூங்கவும் உரிமை உள்ள ஒரு கெர்னல் த்ரெட்டில். 2024-இல் 6.12 கெர்னலுக்குள் ரியல்டைம் வசதி முழுசாக வந்து சேர்ந்தபோது, அந்த அமைப்பில் விதிவிலக்குகள் போக எல்லா ஹேண்ட்லர்களும் த்ரெட்டுக்குள் தள்ளப்படுகின்றன. வாசல் இன்னும் குறுகியிருக்கிறது.

இதெல்லாம் காலம் செய்த குறை. ஆசிரியர்கள் செய்த குறை என்று ஒன்று உண்டு. ஒரே பாடத்தை மூன்று இடத்தில் பிரித்து வைத்திருக்கிறார்கள். பூட்டுகள் ஐந்தாம் அத்தியாயம், தள்ளிப்போடும் வேலை ஏழாம் அத்தியாயம், இன்டரப்ட் பத்தாம் அத்தியாயம். அதனால் பத்துக்கு வரும்போது 'தூங்காதே', 'யூசர் மெமரியைத் தொடாதே' என்பவை விலக்குப் பட்டியலாகக் காதில் விழுகின்றன. காரணம் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் ஒரு பத்தியில். ஹேண்ட்லருக்கென்று சொந்தமாக ஒரு பிராசஸ் இல்லை, அது வழியில் போன யாரோ ஒருத்தரின் நேரத்தை இரவல் வாங்கி ஓடுகிறது, இரவல் நேரத்தில் படுத்துத் தூங்க முடியாது. அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே இது இருந்திருந்தால் மற்ற விதிகளைப் படிப்பவரே ஊகித்துவிடுவார்.

சட்டப்படி செய்யலாம் என்பதற்கும் செய்வது நியாயம் என்பதற்கும் உள்ள இடைவெளியும் அங்கே போதுமான அளவு பேசப்படவில்லை. பிரின்ட்கே-யை ஹேண்ட்லருக்குள் கூப்பிடலாம், தடை இல்லை. ஆனால் கன்சோல் 1,15,200 பாட் சீரியல் லைனாக இருந்தால் நொடிக்குச் சுமார் 11,520 எழுத்துதான் போகும். 80 எழுத்து வரி ஒன்றுக்கு ஏறக்குறைய 7 மில்லிசெகண்ட். அவ்வளவு நேரம் இன்டரப்ட் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கலாமா? பிழை தேடுவதற்காகப் போட்ட வரியே புதுப் பிழையை உண்டாக்கும், அல்லது பழைய பிழையை மறைத்துவிடும்.

6. அப்போ எதைப் படிக்கச் சொல்வது?

கோனியோவை ஒழிக்கச் சொல்லவில்லை. ஒருநாள் டாஸ்பாக்ஸைத் திறந்து டெக்ஸ்ட்கலரும் பிரின்ட்எஃபும் ஏன் சேரவில்லை என்று மட்டும் கண்டுபிடிக்கச் சொல்லுங்க. அடுத்த நாள் லினக்ஸில் 31 அனுப்பி, ஃபைலுக்குத் திருப்பி, குப்பை விழுவதைப் பார்க்கட்டும். மூன்றாம் நாள் கன்ட்ரோல்-சி கொடுத்துச் சிவப்பு ப்ராம்ப்டைப் பார்த்து, கொடி ஏற்றுகிற ஹேண்ட்லரை எழுதட்டும். அதற்குப் பிறகு பத்தாம் அத்தியாயத்தைக் கையில் கொடுங்க, டாஸ்க்லெட் வருகிற பக்கங்களையும் அந்தப் பேரியர் வரியையும் பென்சிலால் குறித்துவிட்டு. இந்த வரிசையில் வந்தவருக்கு ரிக்வெஸ்ட் என்ற சொல் வெறும் பெயராகத் தெரியாது.

மூன்றாம் பதிப்பு இன்றும் படிக்கத் தகுந்த புத்தகம்தான், நகலெடுக்கத் தகுந்த புத்தகம் இல்லை. கோனியோ நேர்மாறு. அதை எல்லோரும் நகலெடுத்தார்கள், யாரும் படிக்கவில்லை.